மூத்தவனுக்கு ஆகாது

இந்தக் கேள்வியை நான்தான் எழுதினேன், போன வாரம், அப்ப எனக்கு ஒரு பயமும் கிடையாது. ஒரு நிறுவனத்தில் புது மேலாளர் சேர்ந்தார், அவர் சேர்ந்த பிறகு விற்பனை சரிந்தது, ஆகவே சரிவுக்குக் காரணம் அவரே. கீழ்க்கண்டவற்றுள் எது இந்த வாதத்தைப் பலவீனப்படுத்தும்? நாலு ஆப்ஷன். டைப் அடிச்சுட்டு, அடடா, ஆவுடையப்பா, அருமையான கேள்விடே அப்படின்னு நானே என்னை மெச்சிக்கிட்டேன். இப்ப அதே கேள்வி முப்பது நாப்பது பிள்ளைகளுக்கு முன்னால தாள்ல கிடக்கு, எல்லாம் குனிஞ்சு யோசிக்கிது, நான் கரும்பலகைக்குக் கீழ நாற்காலியில உக்காந்து காவல் காக்கேன். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னாடி மாடியில எங்க கோச்சிங் சென்டர். கீழ பிரியாணிக் கடை. ஞாயித்துக்கிழமை மாதிரித் தேர்வு நடத்துறப்ப தம் உடைக்கிற வாசனை மேல ஏறும், பிள்ளைங்களுக்கு வாய் ஊறும், கவனம் சிதறும். அதுவும் ஒரு பயிற்சிதான், நிஜப் பரீட்சையில இதைவிட மோசமா எது எதுவோ வரும்னு சொல்லி வச்சிருக்கேன். வாத்தியான் வாய்க்கு என்ன, எதுக்கும் ஒரு நியாயம் சொல்லிரும். பரீட்சை முடிஞ்சதும் அம்மாவுக்குப் போன் பண்ணணும். சரின்னு சொல்லணும், இல்ல வேண்டாம்னு சொல்லணும். ரெண்டே ஆப்ஷன். நாலு குடுத்திருந்தாக்கூட எதையாவது தள்ளிவிட்டு யோசிக்கலாம்.

நம்பிக்குப் பொண்ணு பாத்தாச்சு. பாத்தாச்சு என்ன பாத்தாச்சு, அவனே பாத்துக்கிட்டான். நம்பிராஜன், என் தம்பி, ஒரே தம்பி. அவன் ஆபீஸ்லயே வேலை பாக்குற பிள்ளை, செண்பகா, சொந்த ஊர் கோவில்பட்டி. ஜாதி ஒண்ணு, படிப்பு இருக்கு, வேலை இருக்கு, ரெண்டு வீட்டுக்கும் சம்மதம். அப்புறம் ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டுப் போனா ஜோசியர் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டாராம். கேட்டை நட்சத்திரம், அதுலயும் ஒண்ணாம் பாதம். புருசனுக்கு அண்ணன் இருக்கானான்னு கேட்டிருக்காரு. இருக்கான். கேட்டை மூத்தவனுக்கு ஆகாது. மூலம்னா மாமனாருக்கு ஆகாது, எங்க வீட்டுல மாமனார் போய்ச் சேர்ந்து வருசமாச்சு, கவலை இல்ல. ஆயில்யம்னா மாமியாருக்கு ஆகாது, அதுகூட அம்மா சிரிச்சுக்கிட்டே தலையாட்டியிருப்பா. கேட்டையால்லா வந்து நிக்கிது. அந்த மூத்தவன் நான்தான். பத்துப் பன்னெண்டு வருசமா நின்னு, இதுக்கப்புறம் அது நடந்துச்சுங்கிறதுனால இதுதான் அதுக்குக் காரணம்னு சொல்லாதீங்கடா மடையன்களான்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்துதவன். ஊர்ல எத்தனையோ மூத்தவன் இருக்க, கேட்டை என்னையப் பாத்து வருது பாருங்க, அதுக்கும் ஒரு குசும்பு இருக்கு.

அம்மா நேத்து என்னை டவுன் வீட்டுக்கு வரச்சொல்லி, காப்பி குடுத்து, எதிர்ல உக்காந்து சொன்னா. “எய்யா, இது உன் உசுரு சம்பந்தப்பட்ட விசயம். நான் சொல்லி, நீ கேக்கணும்னு இல்ல. நீயே ஒரு முடிவு சொல்லு. நாளைக்குச் சாயங்காலம் அவுக வீட்டுக்குச் சரியா வேண்டாமான்னு தாக்கல் சொல்லணும்.” நான் சிரிச்சேன். அம்மா, இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொண்ணுக்கும் நாலு பாதம், அப்ப நூத்தியெட்டுப் பொண்ணுல ஒருத்தி கேட்டை ஒண்ணாம் பாதம். நம்ம ஜில்லாவுல மட்டும் எத்தனை ஆயிரம் பேரு இருப்பாளுக, அத்தனை பேரோட புருசனுக்கு மூத்தவன்மாருக்கும் இந்நேரம் சங்கு ஊதியிருக்கணும்லா, நம்ம தெருவுல மூத்தவன் ஒருத்தன்கூட மிஞ்சியிருக்க மாட்டாம்லான்னேன். அம்மா அசரல. “அவுகெல்லாம் பரிகாரம் செஞ்சிருப்பாக.” செய்யாதவங்க? “அவுகளுக்கு வேற கிரகம் காப்பாத்தியிருக்கும்.” அப்ப எனக்கும் காப்பாத்தட்டுமே? “உனக்குக் காப்பாத்தாதுங்காரு ஜோசியரு.” இதைப் பாத்தீங்களா, எந்தப் பக்கம் அடிச்சாலும் உள்ள வாங்கிக்கிட்டு அப்படியே நிக்கிற வாதம். இதை வகுப்புல போட்டா ஒரு மணி நேரம் பாடம் நடத்தலாம். ஆனா அம்மா சும்மா விடல, தெற்கு பஜார் வேலாயுதம் அண்ணாச்சியைக் கொண்டுவந்தா. செருப்புக் கடை வேலாயுதம். அவரு தம்பி கட்டினது கேட்டை. கல்யாணம் முடிஞ்சு தலை தீபாவளி வரல, அண்ணாச்சி ரோட்டுல போய்ச் சேந்துட்டாரு. எனக்கு நல்லாத் தெரியும், அவரு வண்டியில ஹெட்லைட் எரியாது, அவரு தினமும் எந்தக் கடையில உக்காந்துட்டு அந்த வண்டியை எடுப்பாருங்கிறதும் ஊருக்கே தெரியும். மாற்றுக் காரணம், ஆப்ஷன் ஆ, டிக் அடி, ரெண்டு மார்க்கு வாங்கு. சொன்னேன். “குடிக்கிறவன் எல்லாமா சாவுதான்?” அப்படின்னா அம்மா. அவளும் ஒரு கோச்சிங் சென்டர் நடத்தலாம்.

நம்பி என்ன செஞ்சான்னா, பாவம், ஆப்ஷன் அ-வை டிக் அடிச்சான். “அண்ணே, செண்பகா நல்ல பொண்ணுண்ணே.” இதைத்தான் முதல் மாசம் எல்லாப் பிள்ளையும் செய்யும். மேலாளர் நல்ல படிப்பாளி, அனுபவசாலின்னு ஒரு ஆப்ஷன் வச்சா பாதி வகுப்பு அதுல போய் விழும். டேய், அவர் நல்லவரா இல்லையாங்கிறதா கேள்வி? அவர் வந்ததும் விற்பனை சரிஞ்சதும் ஒண்ணோட ஒண்ணு சேருதா சேரலையாங்கிறதுதான் கேள்வி. முடிச்சு எங்க இருக்கோ அங்க கை வைக்கணும், ஆளு மேல இல்ல. அம்மா செண்பகாவைக் கெட்டவன்னு சொல்லவே இல்லையே. தங்கமான பிள்ளைன்னுதான் அவளும் சொல்லுதா. தங்கம்தான், ஆனா மூத்தவனுக்கு ஆகாது. இதுல பாத்தா அந்தப் பிள்ளை நல்லவளா இருந்ததுதான் வினை. தரகர் முதல்லயே அவங்க அப்பாகிட்டச் சொல்லியிருக்காரு, பொறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்ன இழுத்து எழுதினா அனுசம் ஆயிரும், அனுசத்துக்கு எந்த வில்லங்கமும் இல்ல, நான் எத்தனை கேட்டையை அனுசமாக்கி மணவறையில ஏத்தியிருக்கேன்னு. அவங்க அப்பாவும் தலையாட்டியிருக்காரு. இந்தப் பிள்ளைதான் மாட்டேன்னுட்டா. கோயில்ல ஐயரு பேரு நட்சத்திரம் கேப்பாரு, ஒவ்வொரு தடவையும் சாமிகிட்டயும் பொய் சொல்லச் சொல்லுதியளான்னு கேட்டிருக்கா. நம்பி சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா அந்தத் தரகர் சொன்னதுலதான் இருக்கு உண்மையான அடி. எத்தனை கேட்டை அனுசமா மாறி எத்தனை வீட்டுக்குள்ள போயிருக்கும், அந்த வீட்டு மூத்தவன்மாரெல்லாம் தொப்பையும் தொந்தியுமா பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கிட்டு இருப்பானுக, எவனுக்காவது தெரியுமா? தெரியாதவனுக்கு ஒண்ணும் ஆகல. இதைவிட நல்ல ஆப்ஷன் எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. இதையும் அம்மாகிட்டச் சொன்னேன். அவ காலி டம்ளரை எடுத்துக்கிட்டு எந்திரிச்சா. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். அப்புறம் சொன்னா: “நமக்குத்தான் தெரிஞ்சு போச்சேய்யா.”

ஏதோ ஒரு கை தூக்கி நிக்கிது. கடைசி பெஞ்சுப் பிள்ளை, முப்பிடாதி, எதையும் சும்மா விடாது. பக்கத்துல போனேன். குசுகுசுன்னு கேக்கா: “சார், பலவீனப்படுத்தும்னா முழுசாத் தப்புன்னு காட்டணுமா சார்? இந்த ஆப்ஷன் உண்மைன்னு வச்சாலும் மேலாளர் காரணமா இருக்கத்தான் வாய்ப்பு இருக்கு, இல்லையா?” நான் எத்தனையோ தடவை சொன்ன பதில்தான், வாய் தானாச் சொல்லுது: முழுசா உடைக்க வேண்டாம்மா, கொஞ்சம் ஆட்டினாப் போதும், முன்ன நம்புன அளவுக்கு இப்ப நம்ப முடியலைன்னா அதுதான் விடை. “அப்ப மிச்சம் இருக்குமே சார்.” இருக்கும். “மிச்சத்தை என்ன சார் செய்யணும்?” ஒண்ணும் செய்ய வேண்டாம், அடுத்த கேள்விக்குப் போ. போயிட்டா. நான்தான் அங்கேயே நிக்கேன், ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, கீழ அண்டாவைத் திறக்காங்க, ஆவி மேல வருது. மிச்சம் இருக்குல்லா. இவ்வளவு நாளா ஒருத்தரும் என்கிட்டக் கேக்கல, நானும் கேட்டுக்கிடல. நூத்துக்கு நூறா இருந்ததை அடிச்சு அடிச்சு ஒண்ணாக்கிட்டேன், சரி, அந்த ஒண்ணு எங்க போகும்? நேத்து ராத்திரியில இருந்து இடது விலாவுக்குக் கீழ சுருக் சுருக்குங்குது, அங்கதான் போய் உக்காந்திருக்கு. வாயுவா இருக்கும். நேத்துச் சாயங்காலம் மூணு உளுந்த வடை தின்னேன், வாயுதான். வடை தின்னா வாயு வரும், எனக்கு வலிக்கு, ஆகவே காரணம் வடையே: ஏல ஆவுடை, நீயே இப்படிப் பேசுதியேடே. அந்தப் பிள்ளை இன்னும் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கல, அதுக்குள்ள எனக்கு விலா வலிக்கு, அப்ப கேட்டைக்கும் இதுக்கும் எப்படிச் சேரும், காரியம் முன்னாடி வந்து காரணம் பின்னாடி வருமா? வராது. வலி நிக்கவும் இல்ல.

வடிவு இருக்காளே, என் பொஞ்சாதி, அவ ஒரு வாதமும் வைக்கல. அதுதான் என்னால தாங்க முடியல. நேத்து திரும்பி வந்து எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன், அம்மாவை மடக்கின கதையெல்லாம் கொஞ்சம் மசாலா போட்டுத்தான் சொன்னேன். கேட்டுக்கிட்டே துணி மடிச்சா. என் சட்டையை மடிச்சு, திரும்பப் பிரிச்சு, திரும்ப மடிச்சா. “நீங்க சொல்லுததெல்லாம் சரிதான். எனக்குப் பயமா இருக்கு. காரணம் கேக்காதிய.” அவ்வளவுதான். காரணம் இருந்தால்லா அதுல ஓட்டை போடலாம். உன் உசுரு உன் உசுருன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கா, ஆனா நான் செத்தா எனக்கென்ன தெரியப்போகுது, பொட்டு அழிக்கிறது இவளுக்குல்லா. சரின்னு நான் சொன்னா அவளோட பயத்தை எடுத்து மேசையில வச்சுட்டு, பாருங்க நான் எவ்வளவு பெரிய பகுத்தறிவுவாதின்னு மார் தட்டுத மாதிரி ஆயிராதா? வேண்டாம்னு சொன்னா? அந்தப் பிள்ளை அடுத்த வரனுக்குப் போவா, அங்கயும் ஒரு அண்ணன் இருப்பான், அவனுக்கும் ஒரு பொஞ்சாதி துணி மடிப்பா. கடைசியில ஒண்ணு அண்ணனே இல்லாத வீடு வேணும், இல்ல தரகர் பேனா வேணும். ரீசனிங் வாத்தியார் வீட்டுலயே வேண்டாம்னுட்டாங்களாம்னு ஊர் பேசும். என் பேரைச் சொல்லித்தான் அவளை ஒதுக்குவாங்க. நம்பி என்னைத் திட்ட மாட்டான். அவனுக்குத் திட்டத் தெரியாது. சின்னதுல இருந்து நான் தின்னுட்டு மிச்சம் வச்சதைத் தின்னவன். பேசாம வந்து சாப்பிட்டுட்டுப் போவான், பொங்கலுக்குத் துணி எடுத்துக் குடுப்பான், என் முகத்தைப் பாக்க மாட்டான். எனக்கு அதுவும் பயமாத்தான் இருக்கு.

இன்னொண்ணு இருக்கு. இதை யாரும் சொல்லல, எனக்கே இப்பத்தான், இந்த ஜன்னல்கிட்ட நிக்கையில தோணுது. நான் என்னைக்கு இருந்தாலும் சாகத்தான் போறேன். சரின்னு சொல்லி, கல்யாணம் நடந்து, நான் பாட்டுக்கு எழுபது வயசு வரைக்கும் இருந்து, ஒரு நாள் சளி பிடிச்சுச் செத்தா, அன்னைக்கும் எவளாவது ஒருத்தி என் பாடைக்குப் பக்கத்துல நின்னு சொல்லுவா: கேட்டையில்லா, அப்பவே சொன்னாக. எழுபது வருசம் இருந்ததை ஒருத்தரும் கணக்குல சேக்க மாட்டாங்க, செத்ததை மட்டும் எடுத்துக்குவாங்க. அந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து என் ஒவ்வொரு இருமலையும் காது குடுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கணும். எனக்குக் காய்ச்சல் அடிச்சா அவளுக்கு வேர்க்கும். நான் பைக் எடுத்தா வாசல்ல நிப்பா. அம்மா அவளைப் பாப்பா, வடிவு அவளைப் பாப்பா, நல்ல மனுசங்கதான் ரெண்டு பேரும், ஆனாலும் பாப்பாங்க. அப்ப நான் சரின்னு சொல்லுதது என் உசுரைப் பணயம் வைக்கிறது மட்டும் இல்ல, அவ நிம்மதியையும் சேத்துல்லா வைக்கிறேன். பாரு, பாரு, எவ்வளவு நைசாப் போகுது புத்தி. அவளுக்காகத்தான் வேண்டாம்னு சொல்லுதேன்னு ஒரு கதவு திறக்கு பாத்தியா? பயந்தவன் எப்பவும் அடுத்தவன் நன்மைக்குத்தான் பயப்படுவான். இந்த ஆப்ஷனை நான் எத்தனை கேள்வித்தாள்ல வச்சிருக்கேன், பாக்க நல்லா இருக்கும், கருணையா இருக்கும், கேள்விக்குச் சம்பந்தமே இருக்காது. அந்தப் பிள்ளைக்கு அது வேணுமா வேண்டாமான்னு அவகிட்டல்லா கேக்கணும். சாமிகிட்டப் பொய் சொல்ல மாட்டேன்னவளுக்கு என் இருமலைத் தாங்கத் தெரியாதா? சரி. சரின்னுதான் சொல்லப்போறேன். பயத்தோடதான் சொல்லப்போறேன், குரல் நடுங்காமச் சொன்னாப் போதும். யாருல அது, பக்கத்துத் தாளைப் பாக்கிறது? தலையைத் திருப்பு.

பெல் அடிச்சு, தாளை வாங்கி அடுக்கி, பிள்ளைங்க எல்லாம் தடதடன்னு படியிறங்கிப் பிரியாணிக் கடைக்குள்ள புகுந்த பிறகு, வெறும் ஹால்ல நின்னு அம்மாவுக்குப் போன் போட்டேன். ரெண்டு ரிங்லயே எடுத்துட்டா.

“அம்மா, எனக்குச் சம்மதம். அவங்களுக்குச் சொல்லிரு.”

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கிட்டு இருந்தது, அதை நிறுத்தினா.

“நான் காலையிலேயே வேண்டாம்னு சொல்லி விட்டுட்டேன்யா.”

“என்னம்மா சொல்லுத? அப்ப என்கிட்ட எதுக்குக் கேட்ட?”

“கேக்காம விட்டா உன்னைய மதிக்கலைன்னு நெனப்ப. நீ படிச்சவன், பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கவன், வேண்டாம்னு உனக்கு வாய் வராது. எனக்குத் தெரியாதா? நீ சம்மதம்னு சொன்னேன்னு நம்பிகிட்டச் சொல்லுதேன். பழி எம்மேலயே இருக்கட்டும். எனக்கு என்ன, வயசாச்சு. நீ சாப்பிட்டியா?”

நான் கத்தியிருக்கணும். கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள உடம்பு முந்திக்கிடுச்சு. தோள்பட்டை ரெண்டும் தானா இறங்குச்சு. பெஞ்சுல உக்காந்தேன். எனக்கு நல்லாப் பசிச்சது. கீழ போய் ஒரு பிளேட் வாங்கித் தின்னுட்டு, வடிவுக்கும் ஒரு பார்சல் கட்டிக்கிட்டு, சாயங்காலம் அவளை எங்கயாவது கூட்டிட்டுப் போகலாம்னு தோணுச்சு. சந்தோசமா இருந்துச்சு. வேற என்ன பேரு வைக்கிறதுன்னு தேடிப் பாத்தேன், சந்தோசம்தான். சம்மதம்னும் சொல்லியாச்சு, ஒண்ணும் நடக்கவும் போறதில்ல. சாப்பிட்டேன்மான்னு பொய் சொல்லிப் போனை வச்சேன். வச்ச கையோட நம்பி கூப்பிட்டான்.

“அண்ணே.” அழுதிருக்கான், தொண்டையிலேயே தெரிஞ்சது. “அம்மா வேண்டாம்னுட்டா. செண்பகா இப்பத்தான் சொன்னா. நீ என்னண்ணே சொன்ன? நீயும் வேண்டாம்னியா?”

சம்மதம்னு சொன்னேன்டே. இதைத்தான் சொல்லணும், இது உண்மை, அம்மாவே சாட்சி. ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அதைக் கேட்டுட்டு அவன் என்ன முடிவுக்கு வருவான்னும் தெரியும்: அண்ணன் என் பக்கம் நின்னான். அந்த முடிவு தப்பு. மொத்த உலகத்துலயும் அது தப்புன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான், வெறும் பெஞ்சுல பசியோட உக்காந்திருக்கேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும், அவன் வாழ்நாள் முழுக்க நம்புவான்.

“நம்பி, கேளு. இப்பத்தான் அம்மாகிட்டச் சம்மதம்னு சொன்னேன். அவ காலையிலேயே வேண்டாம்னு சொல்லி விட்டுட்டாளாம். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சுடே.”

பெஞ்சை விட்டு எந்திரிச்சேன். அவன் பக்கம் ரோட்டுச் சத்தம் கேட்டது.

“பயந்துட்டேன்டே. நேத்துல இருந்தே பயம்தான். எனக்குத் தெரிஞ்ச அத்தனையும் போட்டு அடிச்சுப் பாத்தேன், போகல.”

“சரிண்ணே,” அப்படின்னான். அந்தச் சரியை அவன் வாயில இருந்து இதுக்கு முன்ன நான் கேட்டதில்ல. “சரி. வச்சிரட்டா?”

“வைக்காத. நீ எங்க நிக்க? கார் யாருகிட்டயாவது வாங்கிட்டு வீட்டுக்கு வா. கோவில்பட்டி போவோம்.”

“அங்க போய் என்னண்ணே சொல்லுவ? அதான் பயமா இருக்குங்கியே.”

“பயமா இருக்குன்னுதான் சொல்லுவேன். பொண்ணைக் குடுங்கன்னும் கேப்பேன். ரெண்டையும் நானே சொல்லணும், அந்தப் பிள்ளை முகத்தைப் பாத்து. அவ வேண்டாம்னு சொன்னா அது வேற.”

“மதினி ஒத்துக்கிடுவாகளா?”

தெரியல. உண்மையிலேயே தெரியல. வடிவு அந்தச் சட்டையை இன்னும் மடிச்சுப் பிரிச்சுக்கிட்டுத்தான் இருப்பா, அலமாரியில வச்சிருக்க மாட்டா.

“அவகிட்ட இன்னும் கேக்கல. வந்து கேக்கேன். அவ வராம நான் வர மாட்டேன், அவ வேண்டாம்னா நான் உன்கிட்டயே வந்து, என் பொஞ்சாதி வேண்டாம்னுட்டா, நானும் அதுக்கு ஒத்துக்கிட்டேன்னு சொல்லுவேன். அம்மா மேல போட மாட்டேன். நீ முதல்ல வா.”

மூக்கை உறிஞ்சிக்கிட்டு, “வாரேன்,” அப்படின்னான் நம்பி. நான் ஹாலைப் பூட்டிட்டு வடிவுகிட்டக் கேக்கப் போனேன்.